மான் கொடுத்த கசப்பு

அந்தக் காலத்தில் மானுக்கு நல்ல தூக்கம் வரும். இப்போது தூங்குகிறதே, ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு, சருகு அசைந்தால் எழுந்து நிற்கிற தூக்கம், அது இல்லை. வயிறு முட்டத் தின்றுவிட்டு நிழல் பார்த்துக் கால் நீட்டிப் படுத்தால், வெயில் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும்வரை மான் எழுந்திருக்காது. தூங்கும்போது கனவு காணும். அந்தக் கனவுகள் மூங்கில் தூறுகளுக்கு நடுவே பனிபோலத் தங்கி நிற்கும் என்றும், அந்த வழியாகப் பறக்கிற வண்டுகள்கூடச் சற்று நேரம் சிறகை மடக்கி உட்கார்ந்துவிட்டுத்தான் போகும் என்றும் சொல்வார்கள்.

மனிதர்களுக்கு அப்போது கனவு கிடையாது. உட்காரவே நேரம் இல்லாதவர்களுக்குக் கனவு எங்கிருந்து வரும்? கண் விழித்ததிலிருந்து எதையாவது மென்றுகொண்டே காட்டுக்குள் அலைவார்கள். ஒரு பிடி களாப்பழம், ஒரு துண்டு கிழங்கு, நாலு கொழுந்து. நிறுத்தினால் கை நடுங்கும், கண் இருட்டும். சரி, ஒரேயடியாகத் தின்று வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வயிறு ஒத்துக்கொள்ளாது. மழைக்கு ஒதுங்கி நின்றாலும் மெல்லுவார்கள். பேசும்போதும் மெல்லுவார்கள். மற்ற விலங்குகள் அவர்களை ‘அசைவாய்க்காரர்கள்’ என்று கேலி செய்யும்.

விலங்குகள் பேசிய காலம் அது. விலங்குகள் மட்டுமா, அவற்றின் உடம்புக்குள் இருப்பவையும் பேசின. நெஞ்சு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். குடல் தனக்குத்தானே முணுமுணுக்கும். ஈரல்தான் நன்றாகப் பேசும். உடம்பிலேயே அதிக வேலை அதற்கு; அதனால் அதிக விஷயமும் அதற்குத்தான் தெரியும்.

மூங்கில் காட்டில் நவ்வி என்றொரு பெண்மான் இருந்தாள். அவளும் அவளுடைய ஈரலும் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்பதால் இருவரும் தோழிகள் மாதிரி. நவ்வி நடந்துகொண்டே பேசுவாள். விலாவுக்குள்ளிருந்து ஈரல் பதில் சொல்லும்.

முந்தைய வருஷம், இலுப்பைக் கொட்டை உதிர்கிற காலத்தில், நவ்வி தன் குட்டியைப் பறிகொடுத்திருந்தாள். அன்றைக்கு மரத்தடியில் கொட்டைகள் பழுப்பாய் இறைந்து கிடந்தன. எண்ணெய் வழிகிற பருப்பு. ஆசை தீரத் தின்றாள். குட்டியைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு தானும் படுத்தாள். குட்டி தன் மடியில் முட்டி முட்டிப் பால் குடிப்பதாகக் கனவு வந்தது. அந்தக் கனவில் அவ்வளவு சுகம் இருந்தது. விழித்துப் பார்த்தபோது புல் படிந்திருந்த இடம் மட்டும் இருந்தது. சிறுத்தை வந்து போன வாடை அடித்தது. குட்டி கத்தியிருக்கும். நவ்விக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பிறகு அவள் அந்த மரத்துப் பக்கம் போகவில்லை. இந்த வருஷம் மறுபடியும் வயிற்றில் குட்டி.

“இந்தத் தடவை நான் தூங்கவே மாட்டேன்,” என்றாள் ஈரலிடம். “கொஞ்சமா மேஞ்சுட்டுக் கண்ணை முழிச்சுக்கிட்டே இருக்கப் போறேன்.”

“சொல்றது சுலபம்டி,” என்றது ஈரல். “நான் என்ன பண்றேன்னு உனக்குத் தெரியுமா? நீ தின்னதெல்லாம் ரத்தத்தில் கலந்து முதல்ல எங்கிட்டதான் வருது. நல்லதை எடுத்து வெச்சுட்டு, கெட்டதைக் கழிச்சு விடறேன். அதோட ராத்திரி பகல் பார்க்காம பித்தநீரைச் சொட்டுச் சொட்டா சுரக்கறேன். அது நேரா குடலுக்குப் போறதில்லை. எனக்கு அடியில் பச்சைக் காய் மாதிரி ஒரு பை தொங்குது பாரு, அதில்போய்ச் சேருது. அங்கேயே சுண்டிச் சுண்டி நல்ல கசப்பா ஆகிடும். நீ எண்ணெய்ப் பண்டம் தின்னதும் பை சுருங்கி எல்லாத்தையும் ஒரே பீச்சா குடலில் பீச்சும். அந்தக் கசப்புப் பட்டாத்தான் கொழுப்புக் கரையும்.”

“அதுக்கும் தூக்கத்துக்கும் என்ன?”

“பை இருக்கிறவரைக்கும் உடம்பு பெரிய சாப்பாட்டுக்குத்தான் காத்திருக்கும். பை நிறைய நிறைய உன் நாக்கு இலுப்பையைத் தேடும். தேடினா போவே. போனா தின்பே. தின்னா விழுந்து தூங்குவே.”

நவ்வி நம்பவில்லை. ஆனால் ஈரல் சொன்னபடியேதான் நடந்தது. ரோஷத்தோடு புல் நுனியைக் கடித்துக்கொண்டு திரிவாள். பை நிரம்பி விலாவுக்கடியில் கனக்கும். எங்கிருந்தோ இலுப்பை வாசனை வரும். அடுத்து அவளுக்கு நினைவு தெரியும்போது ஏதோ ஒரு மரத்தடியில் வயிறு புடைக்கப் படுத்திருப்பாள், பொழுது போயிருக்கும். ஒவ்வொரு தடவை விழிக்கும்போதும் முதலில் தன் வயிற்றைத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

“பிறக்கிறதுக்கு முன்னாடியே இதைத் தொலைச்சுடுவேன் போலிருக்கு,” என்று ஒருநாள் அழுதாள்.

அந்தக் காட்டின் நடுவே ஒரு சுனை. எந்த நேரமும் அதன்மேல் மெல்லிய புகை படர்ந்திருக்கும்; தண்ணீர் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஒரு காலை நேரம் நவ்வி அங்கே தண்ணீர் குடிக்கப் போனபோது எதிர்க்கரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் பிள்ளை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தேனெடுக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று அவள் இடுப்பில் சுற்றியிருந்த கொடிக் கயிற்றைப் பார்த்தே தெரிந்தது. மடியில் ஒரு குவியல் இலுப்பைக் கொட்டை. அதைத் தொடாமல், கையிலிருந்த கிழங்கைக் கடித்து மென்றுகொண்டே அழுதுகொண்டிருந்தாள்.

“ஏன் தங்கச்சி அழறே?” என்று நவ்வி கேட்டாள்.

பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள் பெயர் சடையாயி.

“என் வீட்டுக்காரர் தேன்பாறையிலிருந்து விழுந்துட்டாரு அக்கா,” என்றாள். “வேங்கன்னு பேரு. கால் முறிஞ்சு குகையில் படுத்திருக்காரு. எலும்பு கூடற வரைக்கும் காலை அசையாம ஒருத்தர் பிடிச்சுக்கணும். தாகத்துக்குத் தண்ணி குடுக்கணும், ஈ ஓட்டணும், பொழுதன்னைக்கும் வாயில் ஏதாச்சும் ஊட்டிக்கிட்டே இருக்கணும். நான் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா என் கண்ணு இருட்டுது. எழுந்து காட்டுக்கு வந்து ரெண்டு வாய் மென்னுட்டுப் போறதுக்குள்ள அவர் வலி தாங்காம புரண்டு கால் விலகிப்போயிருக்கு. மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். மனுஷர் கரைஞ்சுட்டே போறாரு.”

“மடியில அவ்வளவு பருப்பு இருக்கே. அதைத் தின்னா ஒருநாள் தாங்குமே?”

“தின்னு பார்த்தேன். வயிறு ஊதிப் புரட்டி எடுத்துருச்சு. எண்ணெய் எண்ணெயாவே வெளியில போயிருச்சு. எங்க உடம்புக்கு அது ஆகாது.”

அப்போது நவ்வியின் ஈரல், இந்தக் கரையிலிருந்தே, அந்தப் பெண்ணின் ஈரலைக் கூப்பிட்டது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரிகள் வேலிக்கு இருபுறமும் நின்று பேசுவது மாதிரி இரண்டும் பேசிக்கொண்டன.

“ஏம்மா, உன்கிட்ட பை இல்லையா?”

“இல்லையே,” என்றது சடையாயியின் ஈரல். களைத்துப்போன குரல். “நானும் சுரக்கத்தான் செய்யறேன். சுரந்தது சுரந்தபடி குடலுக்குள் ஒழுகிப் போயிருது. சேர்த்து வைக்க இடம் இல்லை. கொஞ்சம் தின்னா கொஞ்சத்துக்குப் போதும். ஒரேயடியா வந்து கொட்டினா நான் எங்க போவேன்?”

நவ்வி இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். புகை அவள் கால்களைச் சுற்றி ஊர்ந்தது. ஒரு பக்கம், தூங்க வைக்கிற பையைச் சுமந்துகொண்டு விழித்திருக்கத் துடிக்கிறவள். இன்னொரு பக்கம், அந்தப் பை இல்லாததால் ஓரிடத்தில் உட்கார முடியாதவள்.

“நான் இதை இவளுக்குக் கொடுத்துட்டா?” என்று மெல்லக் கேட்டாள்.

ஈரல் சொன்னது: “கொடுக்கலாம். மனசோட கொடுத்தா கழண்டு வரும். ஆனா திரும்ப வராது. வயித்துப்பிள்ளைக்காரி ரெண்டு பேரும். உன் குட்டி பை இல்லாமப் பிறக்கும், அதன் குட்டியும் அப்படித்தான். அவ பிள்ளை பையோட பிறக்கும், அதன் பிள்ளையும் அப்படித்தான். உனக்கு இனிமே விருந்து கிடையாது. இலுப்பை மரத்தடியில் ஆசை தீரத் தின்ன முடியாது. கொஞ்சம் கொஞ்சமா, நாள் பூரா, புல்லு. நல்ல தூக்கம் போயிரும். கனவும் போயிரும்.”

“கனவு.”

“ஆமா.”

நவ்விக்குத் தன் குட்டி ஞாபகம் வந்தது. அது போன பிறகும் கனவில் வந்துகொண்டுதான் இருந்தது. எத்தனையோ நாள் அவள் இலுப்பை தேடிப் போனது பசிக்காக மட்டும் இல்லை. இலுப்பையைத் தின்றுவிட்டுப் படுத்தால் அது வரும், மடியை முட்டும். இது ஈரலுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

“இன்னொண்ணும் இருக்கு,” என்றது ஈரல். “அதையும் சொல்லிடறேன். பை கிடைச்சா மனுஷங்களுக்குக் கொழுப்புச் செரிக்கும். கொழுப்புச் செரிச்சா கறி செரிக்கும். புரியுதா?”

புரிந்தது. நவ்வியின் காதுகள் விறைத்தன. எதிர்க்கரையைப் பார்த்தாள்.

“தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். என் பையை உனக்குக் கொடுத்தா நீ மான் கறி தின்பியா?”

சடையாயி மெல்லுவதை நிறுத்தினாள். அப்படி அவள் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை.

“நான் தின்ன மாட்டேன் அக்கா,” என்றாள். “என் பிள்ளைக்கும் சொல்லி வளர்ப்பேன். அது அதோட பிள்ளைக்குச் சொல்லுமான்னு எனக்குத் தெரியாது. பசின்னு வந்தா யார் என்ன செய்வாங்கன்னு நான் எப்படிச் சொல்றது? பொய்ச் சத்தியம் பண்ணி உன்கிட்ட வாங்கிக்க மாட்டேன். வேண்டாம்னா வேண்டாம். நான் போறேன்.”

அவள் எழுந்திருக்க முயன்றாள். முடியவில்லை. கையை ஊன்றி மறுபடி உட்கார்ந்தாள்.

யாருமே தின்ன மாட்டோம் என்று அவள் சட்டெனச் சத்தியம் செய்திருந்தால் நவ்வி ஒருவேளை ஓடிப்போயிருப்பாள். பசப்பாமல் சொன்னதுதான் அவளை அங்கேயே நிறுத்தியது. சிறுத்தை எந்த வாக்கும் கொடுக்காமல்தான் வருகிறது. இனிமேல் மனிதனும் வரலாம். யார் வந்தாலும், தூங்குகிறவள் சாவாள்; விழித்திருப்பவள் ஓடுவாள். குட்டியையும் ஓட்டிக்கொண்டு ஓடுவாள்.

சுனைக்குள் இறங்கினாள். தண்ணீர் வயிற்றைத் தொடும்வரை நடந்து நடுவில் நின்றாள். சடையாயியும் மறுகரையிலிருந்து இறங்கி வந்தாள். மானின் விலாவும் பெண்ணின் விலாவும் ஒட்டி நின்றன. இரண்டு வயிற்றுக்குள்ளும் இரண்டு குழந்தைகள் ஒரே நேரத்தில் புரண்டன.

“விடறேன்டி,” என்றது ஈரல்.

“விடு.”

வலிக்கவில்லை. காம்பிலிருந்து கனிந்த பழம் விடுபடுவது மாதிரி ஒரு லேசான இழுப்பு, அவ்வளவுதான். புகைக்கு அடியில் தண்ணீர் ஒரு கணம் மஞ்சளும் பச்சையுமாக மின்னியது. பிறகு சடையாயி “அம்மா!” என்று வலது விலாவைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வாயெல்லாம் கசந்தது.

“துப்பாதே,” என்றது நவ்வியின் ஈரல். வளர்த்த பிள்ளையைப் புகுந்த வீட்டில் விட்டுவிட்டு வருகிறவள் மாதிரி பேசியது. “அந்தக் கசப்பு உன்கூடவே இருக்கட்டும். அப்பப்ப கசப்பான கீரை, காய் எதையாவது நாக்கில் வெச்சுக்கோ. பைக்கு வந்த இடம் பழகும். நேரத்துக்குச் சாப்பிடு. நாள் கணக்கில் வெறும் வயித்தோட கிடந்தா பை பீச்சறதுக்கு வேலையில்லாம நிரம்பியே கிடக்கும். தேங்கின கசப்பு உறைஞ்சு கல்லாயிடும். அதுக்காகக் கொழுப்பை வாரி வாரிப் போடாதே, அதுவும் ஆகாது. நாரு இருக்கிறதை நிறைய மெல்லு. தின்னுட்டு நட. புளிச்ச தேன்தண்ணி குடிச்சு மயங்கற பழக்கம் உங்க கூட்டத்தில் இருக்காமே? அந்த விஷத்தைக் கழுவறது உன் ஈரல்தான். அதுவும் பொறுமைசாலி. வெட்டுப்பட்டாலும் வளர்ந்துக்கும். ஆனா கத்தாது. அது கத்தலைங்கிறதுக்காக அது நல்லா இருக்குன்னு நினைச்சுடாதே.”

“சரிக்கா, சரிக்கா,” என்றாள் சடையாயி. யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கரையேறி, மடியில் இருந்த பருப்பை ஒவ்வொன்றாகத் தின்றாள். வயிறு புரட்டவில்லை. இன்னும் தின்றாள். கை நடுக்கம் நின்றது. அவள் கூட்டத்தில் யாருமே அறிந்திராத ஒன்று அவளுக்குள் மெல்ல ஏறியது. வயிறு நிறைந்த நிம்மதி. தாடை அசையாமல் இருந்தது. இமை கனத்தது. கரையிலேயே சாய்ந்து சற்றே கண்ணயர்ந்தாள். அப்போது அவளுக்கு முதல் கனவு வந்தது. மூங்கில் காட்டுக்குள் நாலு காலில் ஓடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னக் குட்டி ஓடி வந்தது. அது அவள் மடியை முட்டியது.

விழித்தபோது கண்ணில் நீர் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. மானைக் காணவில்லை.

சடையாயி குகைக்குப் போனாள். வேங்கனின் காலை மூங்கில் பத்தையோடு சேர்த்துக் கட்டி, தன் தொடைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள். காலையில் ஒரு வேளை தின்றால் பொழுது சாயும்வரை அவளால் அசையாமல் உட்கார முடிந்தது. பக்கத்தில் சேர்த்து வைத்த கிழங்கைத் துண்டு துண்டாக அவன் வாயில் ஊட்டினாள்.

“நீ ஏன் மெல்லலை?” என்று அவன் பயந்துபோய்க் கேட்டான். “உடம்புக்கு என்ன?”

“எனக்கு ஒண்ணும் இல்லை,” என்றாள். “நீங்க சாப்பிடுங்க.”

எலும்பு கூடியது. அவன் கோலை ஊன்றி எழுந்து நின்ற சமயத்தில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை வயிறாரப் பால் குடித்துவிட்டுத் தூங்கியது. தூக்கத்தில் சிரித்தது. மனிதக் குழந்தை தூக்கத்தில் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்துக் குகைகளிலிருந்து எல்லாரும் மென்றுகொண்டே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

நவ்வி மூங்கில் காட்டின் மேட்டில் ஈன்றாள். இலுப்பை வாசனை வந்தது. விலாவுக்கடியில் ஒன்றும் கனக்கவில்லை. ஈரல் சொட்டுச் சொட்டாகச் சுரந்து நேரே குடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

“தனியா இருக்கு,” என்றது ஈரல் ஒருநாள்.

“எனக்கும்தான்,” என்றாள் நவ்வி. குட்டியை நக்கினாள். நாலு வாய் புல் கடித்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி நாலு வாய்.

வெயில் ஏறிய நேரத்தில் சிறுத்தை வந்தது. பழைய ஞாபகத்தில், ஒளியாமல், நிதானமாக நடந்து வந்தது. அதன் முதல் அடி சருகில் படுவதற்குள் நவ்வியின் காது திரும்பியது. கூவினாள். குட்டி துள்ளி எழுந்தது. மூங்கில் தூறுகளுக்கு இடையே இரண்டு புள்ளி முதுகுகள் வெயில் பொட்டுகளோடு பொட்டாகக் கலந்து ஓடின. எது வெயில், எது மான் என்று பிரித்தறிய முடியாமல் சிறுத்தை நின்றுவிட்டது.

பள்ளத்தைத் தாண்டி நின்றபோது குட்டி மூச்சிரைக்க மடியை முட்டியது. நவ்வி கண்ணை அகலத் திறந்துகொண்டு நின்றாள். குட்டி குடிக்கக் குடிக்க அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அது இருந்தது.

தூங்குகிற மான்களைச் சிறுத்தை ஒவ்வொன்றாகக் கொண்டுபோயிற்று. நவ்வியின் வழி வந்தவைதான் மிஞ்சின. சடையாயியின் மகளும் அவள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெருகினார்கள். வேளைக்குச் சாப்பிட்டதால் அவர்களுக்கு நடுவில் நேரம் கிடைத்தது. குடிசை கட்டினார்கள், விதைத்தார்கள், பாட்டுக் கட்டினார்கள். சுனையில் நின்று பேசியதை முதலில் சில தலைமுறைகள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் யாரோ ஒருத்தர் சொல்ல மறந்தார். வில்லும் வந்தது. ஆனால் பை மறக்கவில்லை. அளவு மீறிக் கொழுப்பை அள்ளித் தின்றவனுக்கும், நேரங்கெட்டுப் பட்டினி கிடந்தவனுக்கும் கசப்பு உறைந்து கல்லானது. வலது விலாவுக்கடியில் சுருக்கென்று பிடித்து, ஆளையே மடக்கிப் போட்டது.

அன்று முதல்தான் மானின் ஈரலுக்கடியில் பித்தப்பை இல்லாமல் போயிற்று. மனிதன் வேளை பார்த்து இலை போட்டு உட்கார்ந்து, சாப்பிட்டதும் சொக்கிப்போகிறான். மானோ நாலு வாய் மேய்வதும் தலையைத் தூக்கிக் குட்டி இருக்கிறதா என்று பார்ப்பதுமாக இன்றுவரை விழித்தே இருக்கிறது.